மானின் கழுத்து

இஸ்பஹான் செம்புக்கடைத் தெருவில் பெமான் அலியைத் தெரியாதவர் இல்லை. முன்னால் பிறந்த பிள்ளைகள் தங்காததால், தங்கிவிடு என்று பொருள்படும் அந்தப் பெயரை வீட்டில் வைத்தார்கள். தெரு முழுக்கச் சுத்தியல்கள் அலறினாலும் தன் உளியின் ஓசை அவருக்குத் தனியாகக் கேட்கும்.

1972 குளிர்காலத்தில் மாஹ்லகா என்ற விதவை, தன் கல்யாண நகைகளை உருக்கி அடித்த வெள்ளிக் கூஜாவைச் சித்திரம் புடைக்க அவரிடம் கொடுத்தார். மகளுக்குச் சீர். வேறு வெள்ளி அந்த அம்மாளிடம் இல்லை. உளி பட்டுத் தகடு நசுங்காமலிருக்க, உள்ளே கீல் என்னும் தார்ப்பிசினை உருக்கி ஊற்றி இறுகவிடுவது வழக்கம். பெமான் அலி ஒரு துக்கத்துக்குப் போயிருந்தபோது கூட்டாளி குத்ரத் அதை ஊற்றிவைத்தார்.

பெமான் அலி கூஜாவின் வயிற்றில் ஒரு மானைப் புடைத்து, அதன் கழுத்துக்கு வந்தபோது உளியின் ஓசை மாறியது. தகட்டுக்கு அடியில் கீல் நிரம்பாத பொள்ளல். இன்னோர் அடி விழுந்தால் தகடு கிழியும். கீலை உருக்கி வடித்து மறுபடி ஊற்றத்தான் வேண்டும். உள்ளே சிக்கியது காற்றானால் உருக்கும்போது பயமில்லை; ஈரமானால் ஆவி அடைபட்டுக் கூஜா பிளந்துவிடும்.

காய்ந்த கூஜாவில்தான் ஊற்றியதாகக் குத்ரத் சாதித்தார். அண்ணனுக்குக் காது மங்கிவிட்டது என்று கிண்டலும் செய்தார். பெமான் அலி அடுப்பை மூட்டிக் கூஜாவை அவர் கையில் கொடுத்தார்.

“அப்ப நீயே தீயில காட்டு. முகத்துக்கு நேரா பிடி.”

குத்ரத் கூஜாவை அடுப்பிலிருந்து தள்ளிக் கீழே வைத்தார்.

“கழுவினேண்ணே. உள்ள துடைச்சேனான்னு ஞாபகம் இல்ல.”

“இத மொதல்லயே சொல்றதுக்கென்ன? உன் வாயிலயும் கீல ஊத்தியிருந்தாங்களா?”

கூஜாவின் வயிறு சூடேறாமலிருக்க நனைத்த துணியைச் சுற்றினார்கள். குத்ரத் சாய்த்துப் பிடிக்க, ஆவிக்கு வழி கிடைக்கட்டும் என்று பெமான் அலி ஊதுகுழலால் வாய்ப்பக்கம் மட்டும் தீயைச் செலுத்தினார். இளகிய கீல் சொட்டுச் சொட்டாக வடிந்தது. வடிய வடியத் துணியைக் கூஜாவின் அடிப்பக்கமாக நகர்த்தினார்கள். மானை நெருங்கியதும் உள்ளே சீறல் கேட்டது. பெமான் அலி குழலை எடுத்துவிட்டுக் காத்திருந்தார். குத்ரத்தின் மணிக்கட்டில் சுடுகீல் தெறித்து ஒட்டியது. அவர் பல்லைக் கடித்தார், கூஜா ஆடவில்லை. புஸ்ஸென்று ஆவி வாய்வழியே வெளியேறியது.

மிச்சக் கீலும் வடிந்து ஆறியபின் பெமான் அலி மானின் கழுத்தைத் தடவிப் பார்த்தார். கிழிசல் இல்லை. குத்ரத்தின் கையை இழுத்துத் தண்ணீரில் அமுக்கினார்.

மறுநாள் மாஹ்லகா வந்து, வேலை ஏன் முடியவில்லை என்று பெமான் அலியைக் கடிந்துகொண்டார். அவர் வாயைத் திறக்குமுன் கட்டுப்போட்ட கையோடு குத்ரத் எழுந்தார்.

“அவரத் திட்டாதீங்கக்கா. தப்பு என்னோடது.”