கேபிளைப் பிடுங்கியும் வந்த பதில்

அந்தக் கால்நடை மருத்துவமனையில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்கிறவளைப் பம்பரம் என்றுதான் கூப்பிடுவார்கள். பெயர் வைத்தவன் அவள் கணவன். பள்ளி வேன் ஓட்டுகிறவன், ஒரு நாள் அவள் மறந்துவிட்டுப் போன சாப்பாட்டைக் கொடுக்க வந்தவன், வரவேற்பில் "பம்பரம் இருக்கா?" என்று வாய்தவறிக் கேட்டுவிட்டான். பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது. பொருத்தமும் அப்படி. உட்கார்ந்தால் கால் ஆட்டுவாள், எழுந்தால் எதையாவது கழற்றுவாள். ஞாயிற்றுக்கிழமை கூட வீட்டில் இருப்புக்கொள்ளாமல் வந்து, மாடிப்படிக்குக் கீழே இருந்த பழைய சர்வரை அணைத்துத் தூசி தட்டிவிட்டுப் போவாள்.

அந்த வாரம் அந்த சர்வர் அவள் உயிரை வாங்கியது. எக்ஸ்ரே படங்களெல்லாம் அதில்தான் இருந்தன. காலையில் ஒழுங்காகத் திறக்கும். மதியமானால் டாக்டர் அறையில் திறக்காது, பக்கத்து அறையில் திறக்கும். கொஞ்ச நேரத்தில் அங்கேயும் நின்றுபோகும். அவள் அரக்கப்பரக்க ஓடி வந்து பார்ப்பதற்குள் ஒன்றுமே நடக்காதது போல எல்லாம் சரியாகிவிடும்.

"கால் உடைஞ்ச பூனை மேசையில கிடக்குது. படம் எங்கம்மா?" என்றார் டாக்டர்.

"இதோ வந்துடும் டாக்டர்."

"இதோ இதோன்னு திங்கட்கிழமையிலேருந்து சொல்றீங்க. அதுக்கு வயசாயிடுச்சு. தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்கிடலாம்."

அவளுக்குச் சுருக்கென்றது. நெட்வொர்க் சேவையை நிறுத்தித் திரும்ப ஓடவிட்டாள். கேபிளை மாற்றினாள். நெட்வொர்க் கார்டையே கழற்றி வேறொன்று போட்டாள். சர்வர் எழுதி வைத்திருந்த பதிவுகளை வரிவரியாகப் படித்தாள். ஒரு குறையும் இல்லை.

வீட்டில் நின்றுகொண்டே சாப்பிட்டாள். "உக்காந்து சாப்பிடு. சர்வர் எங்கேயும் ஓடிடாது" என்றான் கணவன்.

"நல்லாத்தான் ஓடுது, அதான் பிரச்சினையே. எங்க வலிக்குதுன்னு சொல்ல மாட்டேங்குது."

"உன் டாக்டருங்க கிட்டக் கேளு. அவங்களுக்கு வர்ற நோயாளி எதுவுமே வாயத் தொறந்து சொல்லாது."

அவள் சிரிக்கவில்லை. தட்டைக் கழுவப் போட்டுவிட்டாள்.

மறுநாள் மதியம் மறுபடியும் படம் நின்றது. மாடிப்படிக்குக் கீழே லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு, நெட்வொர்க்கில் சர்வருக்கென்று கொடுத்திருந்த எண்ணை விடாமல் கூப்பிட்டுப் பார்த்தாள். இருக்கிறேன், இருக்கிறேன் என்று வரிசையாகப் பதில் வந்தது. இருந்தால் படத்தைக் கொடுக்க வேண்டியதுதானே? எரிச்சலில் சர்வரின் கேபிளை வெடுக்கென்று பிடுங்கினாள்.

பதில் நிற்கவில்லை. கையிலிருந்த கேபிளைப் பார்த்தாள். திரையைப் பார்த்தாள். சர்வரின் எண்ணை வைத்துக்கொண்டு வேறு எதுவோ பேசிக்கொண்டிருந்தது. ஒரே கதவு எண்ணில் இரண்டு வீடு. கேட்கிறவர்களில் பாதிப் பேர் தப்பான வீட்டுக்குப் போயிருக்கிறார்கள்.

கேபிள்களெல்லாம் வந்து சேரும் பெட்டியைத் திறந்து ஒவ்வொன்றாகப் பிடுங்கிச் செருகினாள். வரவேற்பிலிருந்தும் மருந்தறையிலிருந்தும் கூச்சல் வந்தது. அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஒரு கேபிளைப் பிடுங்கியதும் திரையில் பதில் நின்றது. அதைப் பிடித்துக்கொண்டே சுவரோரமாகப் போனால், நாய்கள் தங்கும் அறை. மூலைக் கூண்டுக்கு மேலே உள்ளங்கைக்குள் அடங்குகிற ஒரு கேமரா. கீழே, இடுப்பில் கட்டுடன் ஒரு கிழட்டு நாய்.

அந்த நேரம் பார்த்து, கூண்டுகளைப் பார்த்துக்கொள்ளும் அக்கா கையில் சாப்பாட்டு டப்பாவுடன் பதறி வந்தாள். "போன்ல இவன் காணாமப் போயிட்டான். அதைப் புடுங்கிடாத கண்ணு."

"இதை யாருக்கா மாட்டினது?"

"எங்க மாப்பிள்ளைதான். இவனை விட்டுட்டுப் போனா ஊளை விட்டே மாஞ்சு போறான். வளர்த்தவங்க ஊர்ல இல்ல. சாப்பிடப் போகும்போது போட்டுட்டு, போன்லேருந்து பேசிக்கிட்டே சாப்பிடுவேன். என் குரல் கேட்டா அடங்கிடுவான். வந்ததும் அணைச்சிடுவேன்."

"எப்போ வந்து மாட்டினார்?"

"போன ஞாயித்துக்கிழமை. எந்த நம்பர் சும்மா இருக்குன்னு தேடிப் பாத்துத்தான் போட்டாரு."

ஞாயிற்றுக்கிழமை. சர்வரை அணைத்துப்போட்டு அவள் தூசி தட்டிக்கொண்டிருந்த நேரம். அதன் எண் சும்மா இருப்பதாகத்தான் அவருக்குத் தெரிந்திருக்கும். திட்டுவதற்காக நாக்கு நுனி வரை வந்திருந்ததெல்லாம் உள்ளே போய்விட்டது. கேமராவுக்கு வேறு எண் கொடுத்தாள். சர்வரின் கேபிளைச் செருகியதும் படங்கள் எல்லா அறையிலும் திறந்தன.

டாக்டரிடம் எதையும் மறைக்காமல் சொன்னாள். கேட்காமல் மாட்டியதற்கு அக்காவைக் கூப்பிட்டு டாக்டர் கண்டித்தார். பிறகு பம்பரத்திடம், "அந்தக் கேமரா என் அறையிலயும் தெரியிற மாதிரி பண்ண முடியுமா?" என்றார்.

அடுத்த வாரம் அக்கா காய்ச்சலில் படுத்துவிட்டாள். மதியம் நாய் ஊளையிடத் தொடங்கியது. எல்லோரும் பம்பரத்தைப் பார்த்தார்கள். அவள் சாப்பாட்டை எடுத்துக்கொண்டு போய்க் கூண்டுக்கு முன்னால் உட்கார்ந்தாள். நாயிடம் என்ன பேசுவது என்று தெரியவில்லை. ஒரே எண்ணில் சர்வரும் கேமராவும் இருந்த கதையையே ஆரம்பத்திலிருந்து சொன்னாள். அது முகவாயைத் தரையில் வைத்துக் கேட்டது. முடித்துவிட்டு எழுந்தாள். நாய் தலையைத் தூக்கித் தொண்டையைத் திறந்தது.

"சரி, சரி," என்று மறுபடி உட்கார்ந்தாள்.