உடைந்த டேப்பில் இருந்த எழுத்து

எண்பதுகளின் கடைசியில், ராணிப்பேட்டையில் ஒரு சின்னப் பட்டறையில் மெஷின் ஆபரேட்டராக இருந்தேன். கம்ப்யூட்டரில் ஓடும் மில்லிங் மெஷின் எங்களுக்கு அப்போதுதான் வந்திருந்தது. எந்தக் கருவி எவ்வளவு வேகமாகச் சுற்ற வேண்டும், எவ்வளவு இறங்க வேண்டும் என்று அதற்கு எண்களாக எழுதிக் கொடுக்க, டிப்ளமோ படித்த ஒரு பெண்ணை முதலாளி எடுத்தார். சத்துவாச்சாரியிலிருந்து பஸ்ஸில் வருவாள். பட்டறையில் அவள் ஒருத்திதான் பெண். மூன்று மாதம் பார்த்துவிட்டுத்தான் நிரந்தரம் என்று சொல்லியிருந்தார்கள்.

ஒருநாள் ஆம்பூர் தோல் தொழிற்சாலை ஒன்றிலிருந்து அவசர வேலை வந்தது. தோலில் ஒட்டியிருக்கும் சதையைச் சீவும் மெஷினுக்கு ஒரு கனமான இரும்புத் தகடு. அதில் எட்டு ஓட்டை போட்டு, போல்ட் ஏறுவதற்கு உள்ளே மரை வெட்ட வேண்டும். மரை வெட்டும் டேப்பை எடுத்து மாட்டுவது என் வேலை. மாட்டி, பட்டனை அழுத்தினேன். முதல் ஓட்டையிலேயே டேப் முறிந்து, பாதி உள்ளே மாட்டிக்கொண்டது.

முதலாளி ஓடி வந்தார். "அந்தப் பொண்ணு எழுதுன கணக்குல ஏதோ கோளாறு சார்" என்று சொல்லிவிட்டேன்.

சொல்லும்போதே எனக்கு உள்ளுக்குள் உறுத்தியது. ஒரே பருமனில் இரண்டு வகை டேப் உண்டு. ஒன்றில் மரை நெருக்கமாக இருக்கும், இன்னொன்றில் விலகியிருக்கும். தண்டில் பொறித்த எழுத்தைப் படித்துத்தான் எடுக்க வேண்டும்; மாறிப்போனால், எழுதிய வேகத்துக்கு ஒத்துவராமல் முறிந்துவிடும். கொஞ்ச நாளாகவே எனக்குச் சின்ன எழுத்து மங்கலாகத் தெரிந்தது. வெளியே சொன்னால் புது மெஷினிலிருந்து இறக்கிவிடுவார்களே என்ற பயத்தில் குத்துமதிப்பாக எடுத்து மாட்டிக்கொண்டிருந்தேன்.

"இன்னாம்மா நீ? ஆம்பூர்ல தோலெல்லாம் ஊறிட்டு நிக்குது. சாயங்காலம் வந்து என்னைப் பாரு" என்று அவளைத் திட்டிவிட்டுப் போனார். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, எழுதிய தாளை முதலிலிருந்து சரிபார்க்க உட்கார்ந்தாள்.

மதியம் எல்லாரும் சாப்பிடப் போனதும் என்னிடம் வந்தாள். மெஷினில் மிச்சமிருந்த டேப்பின் மேல்பாதியை என் உள்ளங்கையில் வைத்தாள். "இது நெருக்கமான மரைண்ணா. நான் எழுதுனது இன்னொண்ணுக்கு."

சண்டைக்கு வருவாள் என்று நினைத்தேன். அவளோ, "எழுத்து ரொம்பப் பொடிசுண்ணா. எங்கப்பாவும் இப்படித்தான், பேப்பரைத் தூரமா வெச்சுப் படிப்பாரு. ஒரு கண்ணாடி போட்டுக்கங்க" என்று மெதுவாகச் சொல்லிவிட்டுத் தன் இடத்துக்குப் போய்விட்டாள். வேலை போனால் அவளுக்குத்தான் போகும். ஆனாலும் முதலாளியிடம் அவள் போகவில்லை.

சாப்பாட்டைப் பிரிக்காமலே எழுந்தேன். நானே முதலாளியிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். "கண்ணு தெரியலன்னா சொல்ல வேண்டியதுதானய்யா. அந்தப் பொண்ணை அழ வெச்சிட்டேனே" என்று சொல்லி எழுந்தவர் நேராக அவளிடம் போனார்.

வேறு தகடு ஏற்றினோம். தண்டில் இருந்த எழுத்தை அவள் படித்துச் சொல்ல, நான் டேப்பை மாட்டினேன். எட்டு ஓட்டையும் சுத்தமாக வந்தன. பொழுது சாய்வதற்குள் தகடு ஆம்பூருக்குக் கிளம்பிவிட்டது. அவள் அங்கே நிரந்தரமானாள். நான் கண்ணாடி போட்டுக்கொண்டு அதே மெஷினில் தொடர்ந்தேன்.

அதற்கப்புறம் யாருடைய தப்பாவது என் கண்ணில் பட்டால், நாலு பேர் எதிரில் வாயைத் திறக்க எனக்கு மனசு வந்ததேயில்லை.