எஸ்தர் சிஸ்டரின் நோட்டில் என் பெயருக்கு எதிரே

எஸ்தர் சிஸ்டர் இறந்துவிட்டார் என்ற செய்தி சர்க்கரை நோயுள்ள நம் பிள்ளைகளின் பெற்றோர் குழுவில் வந்தபோது புனே கராடியில், அலுவலகக் கேன்டீன் வரிசையில் நின்றிருந்தேன். நம்பவில்லை. அனுப்பியவர் யார், அவருக்கு யார் சொன்னார்கள் என்றுதான் முதலில் பார்த்தேன். பிறகு ஆகுர்டியில் அவர் வீட்டுக்குப் போன் செய்தேன். அவருடைய தம்பி எடுத்தார். "ஆமாம்மா. காலைல நெஞ்சு வலின்னா. ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேருமுன்னயே முடிஞ்சிட்டு."

அன்று முழுவதும் குழுவில் எல்லோரும் அவரைப் புகழ்ந்து எழுதினீர்கள். நான் எழுதவில்லை. மூன்று வருடங்களுக்கு முன் அவர் மேல் ஆஸ்பத்திரியில் புகார் கொடுத்தவள் நான்தான் என்பது உங்களில் பலருக்குத் தெரியாது. இதை எழுதலாமா என்று தங்கையிடம் கேட்டேன். "தமிழ்லதானே? எங்க கிளாஸ்ல ஒருத்தருக்கும் தெரியாது. எழுது. பேர் மட்டும் வேண்டாம்" என்றாள்.

தங்கைக்குப் பத்து வயதில் சர்க்கரை நோய் வந்தது. அப்போது எங்களுக்கெல்லாம் அவள் தம்பி. தினம் நான்கு ஊசி. அதைத் தானே போட்டுக்கொள்ளக் கற்றுக்கொடுத்தவர் குழந்தைகள் பிரிவில் இருந்த எஸ்தர் சிஸ்டர். நாசரேத்துக்காரர். முப்பது வருடப் புனே வாழ்க்கையிலும் ஊர்ப் பேச்சு மாறாதவர். பிள்ளைக்குப் பதின்மூன்று வயதானதும், போகும்போதெல்லாம் எங்களைப் பத்து நிமிடம் வெளியே உட்காரச் சொல்ல ஆரம்பித்தார்.

"உள்ள அப்படி என்ன சிஸ்டர் பேசறீங்க?"

"சுகரப் பத்தித்தான். வேற என்ன?"

என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். பொய் என்று தோன்றியது. பொய்தான். அந்த வருத்தம் எனக்கு இன்றும் தீரவில்லை.

கோயம்புத்தூர்க்காரியான அம்மாவுக்கு வேறு சந்தேகம். "கழுத்துல சிலுவையப் பாத்தியா? பையன மதம் மாத்தப் போகுதாட்ட இருக்குது" என்று மகர்பட்டாவில் எங்கள் வீடு வந்து சேரும்வரை ஆட்டோவில் சொல்லிக்கொண்டே வருவாள். சில மாதங்களில் அந்தப் பேச்சை நிறுத்திவிட்டாள். ஏன் நிறுத்தினாள் என்று சந்தேகப்பட எனக்குத் தோன்றவில்லை.

ஒருநாள் சிஸ்டர் இன்சுலின் எடுக்கப் பக்கத்து அறைக்குப் போனார். மேசையில் அவருடைய சிறிய நோட்டு திறந்திருந்தது. தமிழில் எழுதியிருந்தார். அந்த வார்டில் யாரும் படிக்கமாட்டார்கள் என்ற தைரியம் என்று நினைத்துக்கொண்டேன். அம்மா, அப்பா, அக்கா, வகுப்பு டீச்சர் என்று எங்களை வரிசையாக எழுதி, எதிரே சிலருக்கு டிக், சிலருக்குப் பெருக்கல் குறி. காலடிச் சத்தம் கேட்டதும் விலகி நின்றேன்.

எங்களை வேவு பார்க்கிறார் என்று முடிவு செய்தேன். யாருக்காக என்றுதான் தெரியவில்லை. தலைமை நர்ஸுக்கு இரண்டு பக்கம் புகார் எழுதினேன். நோட்டைப் பிடுங்கி அலுவலகத்தில் வைத்தார்கள்.

அதை வீட்டில் கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன். "அந்த நோட்டு ஆபீஸ்லயா?" என்று மட்டும் கேட்டுவிட்டு பிள்ளை அறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டாள். மறுநாள் ஆஸ்பத்திரிக்கு வரமாட்டேன் என்றாள். அதற்கடுத்த நாள் ஊசியும் வேண்டாம் என்றாள். கெஞ்சிக் கூத்தாடி விரலில் ரத்தம் எடுத்துப் பார்த்தால் சர்க்கரை நானூறைத் தாண்டியிருந்தது. அம்மா போனை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போனாள்.

ஒன்றரை மணி நேரத்தில் எஸ்தர் சிஸ்டர் வந்தார். விடுமுறை நாள், இரண்டு பஸ் மாறி வந்திருந்தார். மூடிய கதவுக்கு வெளியே தரையில் உட்கார்ந்து, பிறந்தபோது வைத்த பெயரைச் சொல்லித்தான் கூப்பிட்டார். "நோட்டத் திருப்பி வாங்கிட்டேன், எங்கிட்டதான் இருக்கு. அவங்களுக்குத் தமிழ் தெரியாது, படிச்சுச் சொல்லுன்னாவ, நான் சொல்லல. மெமோ குடுத்தாவ, வாங்கிக்கிட்டேன். மொதல்ல ஊசி. பெறவு சண்ட."

கதவு திறந்தது. ஊசி போட்டு, சர்க்கரை இறங்கத் தொடங்கும்வரை சிஸ்டர் விரலில் ரத்தம் எடுத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு பிள்ளையிடம், "அக்காட்ட காட்டலாமா?" என்று கேட்டார். அவள் என்னையும் அம்மாவையும் மாறி மாறிப் பார்த்தாள். கடைசியில் தலையசைத்தாள்.

"இவ தன்னப் பொம்பளப் பிள்ளைன்னு சொல்லுதா. ஒரு பேரும் வச்சிருக்கா. அத யார் முன்னால சொல்லலாம், யார் முன்னால சொல்லக் கூடாதுன்னு இவளே சொல்ல எழுதினது இது. நான் வாய் தவறிட்டா இவதான கெடந்து அனுபவிக்கணும்?"

அம்மாவுக்கு எதிரே டிக். டீச்சருக்கு டிக். அப்பாவுக்குப் பெருக்கல் குறி. எனக்கும்.

அம்மாவைப் பார்த்தேன். "உன்றகிட்டச் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டா கண்ணு. நான் என்ன பண்ணட்டும்?"

இப்படிப்பட்ட பிள்ளைகளைப் பற்றி எங்கள் வீட்டில் படித்தவள் நான் ஒருத்திதான். முதலில் என்னிடம்தானே வந்திருக்க வேண்டும்? கேட்டேன்.

"நீ உடனே பத்து ஆர்ட்டிகிள் அனுப்புவ. நான் உனக்கு டாபிக் ஆயிடுவேன்கா" என்றாள் என் தங்கை.

லிஃப்ட் வரை போய் சிஸ்டரிடம் மன்னிப்புக் கேட்டேன். "சந்தேகப்பட்டது தப்பில்ல. ஒண்ணுமே கேக்காத வீட்டப் பாத்தாத்தான் எனக்குப் பயம். ஆனா எங்கிட்ட கேட்டிய, ஹெட் நர்ஸ் மேடத்துகிட்ட கேட்டிய, அவகிட்ட ஒரு வார்த்த கேக்கலியே" என்றார்.

நாளடைவில் அப்பாவும் அறிந்தார். இப்போது வீட்டில் எல்லோரும் அவள் வைத்த பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுகிறோம். ஒருமுறை சிஸ்டரிடம், அந்தக் குறியை மாற்றிவிட்டீர்களா என்று கேட்டேன். "அத எங்கிட்ட கேக்காதிய" என்றார். தங்கையிடம் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

அடக்கத்தன்று கல்லறைத் தோட்டத்தில் சிஸ்டரின் தம்பி எங்களிடம் வந்தார். தோள்வரை வளர்ந்த முடியும் தொளதொளத்த குர்தாவுமாக நின்றவளைப் பார்த்து, "பேர் என்னம்மா?" என்றார். சர்ச்சில் இருந்து வந்த பத்துப் பதினைந்து பேர் எங்களைச் சுற்றி நின்றார்கள். பதில் என் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. நான் சொல்லவில்லை. அவள் ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். என்னையும் பார்த்தாள். பிறகு ஒரு பெயரைச் சொன்னாள். எது என்று இங்கே எழுதமாட்டேன்.

எஸ்தர் சிஸ்டரிடமிருந்து எனக்குக் கிடைத்தது அந்தச் சில நொடி மௌனம்தான். அது அவள்மேல் உள்ள மரியாதையா, மறுபடியும் வெளியே நிறுத்திவிடுவாளோ என்ற பயமா என்று என்னை நானே இன்னும் சந்தேகப்படுகிறேன்.