அக்கினி மூலை அடுப்பு

குவேக்கர்ஸ் ஹில்லில் நாங்கள் கல்யாண மணவறைகள் செய்த பெரிய கொட்டகைக்குச் சுவரும் கூரையும் ஒற்றைத் தகரம்தான். இங்கே குளிர் உச்சமான யூலை மாதத்தில் உள்ளே நிற்பதைவிட வெளியே வெயிலில் நிற்பது மேல். அங்கே வேலை செய்தவர்கள் கணவரின் அக்காவும் நானும் மட்டுமே. விறகு அடுப்பு வந்த அன்று, அதை வாசலோரத் தென்கிழக்கு மூலையில்தான் வைக்க வேண்டும் என்று மச்சாள் பிடிவாதமாக நின்றார். அக்கினி மூலையாம். அங்கே ரோலர் கதவின் மேல் கையளவு இடைவெளி. மூட்டிய சூடெல்லாம் தெருவுக்குப் போயிற்று. நாங்கள் ஒட்டுவேலை செய்யும் மேசையோ எதிர் மூலையில் இருந்தது.

“இந்த நாட்டிலை சூரியனே வடக்காலை போகுது, மச்சாள்.”

“அக்கினி பகவான் விசா எடுத்தே வாறவர்? படிச்ச திமிர் உமக்கு.”

அவரை நான் வெறுத்தேன். அவரும் தம் வெறுப்பை மறைத்ததில்லை.

அவருடைய ஒரே மகளின் கல்யாணத்துக்கு மணவறை செய்தோம். சனிக்கிழமை கல்யாணம், வியாழன் காலை, முதல்நாள் ஒட்டிய மர அன்னம் கழன்று விழுந்தது. குளிரில் பசை இறுகவேயில்லை.

“உம்மட கைராசி,” என்றார்.

அடுப்பைப் பெயர்க்க விடமாட்டார். ஆகவே மேசையை அடுப்புப் பக்கம் இழுத்தேன். பாதி வழியில், திட்டிக்கொண்டே மறுமுனையைப் பிடித்தார். கொட்டகை முழுவதையும் சூடாக்கும் ஆசையை விட்டுவிட்டு, அடுப்பையும் மேசையையும் சுற்றி, நெருப்புப் படாத தூரத்தில், பழைய கம்பளங்களை உத்தரத்திலிருந்து தொங்கவிட்டு ஓர் அறையாக்கினேன். கதவின் மேலிடைவெளியில் சாக்குத் துணியைத் திணித்தேன். நெருப்பு கண்ணில் பட வேண்டும் என்று அவர் எப்போதும் திறந்தே வைக்கும் அடுப்புக் கதவை, காய்ந்த விறகிட்டுச் சாத்தினேன்.

“மூச்சு முட்டிச் செத்துப்போகும் நெருப்பு.”

“காத்துக்கு அடியிலை துவாரம் இருக்கு.”

மதியத்துக்குள் மேசைப் பலகை வெதுவெதுப்பானது. பசை பூசிய அவருடைய விரல்கள் குளிரில் வெடித்திருந்ததை அன்றுதான் கவனித்தேன். அவருடைய கதிரையை அடுப்புப் பக்கம் தள்ளினேன். அதில் வந்து இருந்தார்.

வெள்ளி மாலை, அன்னத்தை இரண்டு கையாலும் பிடித்து இழுத்துப் பார்த்தார். அசையவில்லை. கண்களைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

“பாத்தீரோ? அக்கினி மூலை பொய்க்காது.”

என்னிடம் பதில் இருந்தது. இன்னொரு கட்டையை வைத்து அடுப்புக் கதவைச் சாத்தினேன்.