வலது கைதான் என்று சொன்னவர்

ஒன்பதாம் வகுப்போடு பள்ளியை விட்டு, லாரி கிளீனர், ஓட்டல், பனியன் கம்பெனி என்று சுற்றியபின் பெரம்பலூரில் ஓர் ஆர்க்கெஸ்ட்ராவில் ஒட்டிக்கொண்டேன். ஸ்பீக்கர் ஏற்றி இறக்குவதும், ஒலியைக் கூட்டிக் குறைக்கும் மிக்சரைப் பார்ப்பதும் என் வேலை. அங்கே கிட்டார் வாசித்தவர் இளவயதில் திருச்சியில் ராக் பேண்ட் வைத்திருந்தவர். திருவிழாவில் ராக்கை யார் கேட்கிறார்கள்? பாடகர்கள் சட்டை மாற்றப் போகும் இடைவெளியை மட்டும் அதை வாசிக்க அவருக்கு விடுவார்கள். அதற்காகத்தான் அவர் வந்துகொண்டிருந்தார்.

சிறுநீரகம் கெட்டு டயாலிசிஸில் இருந்தார். அதற்காகக் கையில் ரத்தக்குழாய்களை இணைத்து அறுவை செய்வார்கள். எந்தக் கையால் அதிகம் வேலை செய்வீர்கள் என்று டாக்டர் கேட்டதற்கு, "வலது கைதாங்க" என்றிருக்கிறார். அதனால் அதை விட்டுவிட்டு இடது கையில் செய்துவிட்டார்கள். கிட்டாரில் கம்பியை அழுத்திப் பிடிப்பது இடது கை.

"சோறு திங்கிற கைதான்டா ஞாபகத்துக்கு வந்துச்சு" என்று சிரிப்பார்.

அதன்பிறகு இடது விரல்கள் சில்லிட்டு மரத்துப்போயின. குரும்பலூர்த் திருவிழாவில் பாதியிலேயே தடுமாறினார். ஓனர் என் காதருகே குனிந்து, "அவரு சத்தத்தக் கொறைடா. நிறுத்தச் சொல்ல எனக்கு மனசு வரல" என்றார். கூட்டத்துக்குப் போகும் அவர் ஒலியை நான் குறைத்தேன். கீபோர்டுக்காரர் கிட்டார் ஒலியிலேயே மீதியை வாசித்து முடித்தார். மேடையில் கிட்டார்காரரின் காலடியில் இருந்த ஸ்பீக்கரில் அவருடைய வாசிப்பே கேட்டதால் அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. அடுத்தடுத்த ஊர்களிலும் இப்படியே ஓட்டினோம்.

திருமழபாடிக்கு அவர் மனைவி வந்திருந்தார். நிகழ்ச்சி முடிந்ததும், "இன்னிக்கு ஒரு தப்புகூட இல்லீங்க" என்றார். எத்தனை இடத்தில் தடுமாறினோம் என்று அவருக்குத் தெரியும். மனைவியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

அடுத்தது ரெட்டிபாளையம். மேடை ஏறுமுன் என்னிடம் வந்தார்.

"தம்பி, இன்னிக்கு என் சத்தத்தக் கொறைக்காத."

"ஓனரு திட்டுவாருண்ணே."

"திட்டட்டும். தப்போ சரியோ, நான் வாசிக்கிறதுதான் கேக்கணும்."

வாசித்தார். விரல் சரியாக அழுத்தாத கம்பிகள் கரகரத்தன. சுருதி விலகியது. "பெருசு, தூக்கம் வருது! குத்துப்பாட்டு போடச் சொல்லுங்கய்யா!" என்று பையன்கள் கத்தினார்கள். பின்னாலிருந்து ஓனர், "டேய், கொறைடா!" என்றார். நான் மிக்சரிலிருந்து கையை எடுத்துவிட்டேன். கீபோர்டுக்காரரும் கையைக் கட்டிக்கொண்டார். கடைசியில் ஆள்காட்டி விரல் ஒன்றுதான் வேலை செய்தது. அதை ஒரே கம்பியில் மேலும் கீழும் இழுத்து, முடிக்க வேண்டிய இடத்தில் முடித்தார். நாலைந்து பேர் கைதட்டினார்கள். முடிந்ததே என்றுகூடத் தட்டியிருக்கலாம்.

அதுதான் கடைசி. ஆடி பிறக்குமுன் செத்துப்போனார்.

ரெட்டிபாளையத்தில் அன்று வாசித்து முடித்து மேடைக்குப் பின்னால் வந்தபோது, கிட்டாரைப் பிடித்த கை விரியவில்லை. அன்றும் வந்திருந்த மனைவி ஒவ்வொரு விரலாகப் பிரித்துவிட்டார்.

"நெறைய தப்புங்க" என்றார்.

"கேட்டுச்சா?"

"எல்லாம் கேட்டுச்சுங்க."

அவர் தண்ணீர் கேட்டார். டயாலிசிஸில் இருப்பதால் அவருக்கு அளந்துதான் தருவது வழக்கம். மனைவி பாட்டில் மூடியில் ஊற்றிக் கொடுத்தார். குடித்துவிட்டு மூடியைத் திரும்ப நீட்டினார். அன்று இன்னொரு தடவையும் ஊற்றினார்.