இருசாயி வாசலில் கட்டிய நாய்

தன் கோழிகளைக் கொன்ற நாய்க்கு இருசாயி விஷம் வைத்துவிட்டாள் என்று சோளக்காட்டுச் சந்தையில் யாரோ பேசிக்கொண்டதாகப் பக்கத்து வீட்டு மாதன் வந்து சொன்னான். அந்த நாயோ அவள் வாசலில் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தது. கோழியைத் துரத்த முடியாதபடி, ஊர் வழக்கப்படி அதன் கழுத்தில் கட்டை தொங்கியது.

"அடைக்கோழியத் தின்னதுக்கு விருந்தா, அக்கா?"

"கொன்னா நம்ம மேலதான் கேஸ் வரும் சாமி. கட்டிப் போடறது வளர்த்தவர் பொறுப்பு. அவருகிட்டயே கேக்கறேன்."

வளர்த்த நாயை ஊரிலேயே விட்டுவிட்டுச் சேந்தமங்கலத்துக்கு மாற்றலாகிப் போன பூபாலன் சாரைப் போனில் கூப்பிட்டாள். பொழுது சாய்வதற்குள் அவர் வராவிட்டால் நாயை அடித்துக் கொன்றுவிடுவதாக ஊரார் சொல்லியிருந்தார்கள்.

"அவர் எடுக்கலீன்னா?"

"அப்புறம் வளர்க்கறவ நாந்தான். உங்கூட்டுக் கோழிக்கும் நானே பதில் சொல்றேன்."

எதிர்முனையில் போன் அடித்துக்கொண்டே இருந்தது.