சான்பிரான்சிஸ்கோ போகாத பை

சுந்தரராமனுக்கு ஓரிடத்தில் உட்கார்ந்து பழக்கமில்லை. மயிலாப்பூரிலிருந்து பாண்டி பஜாருக்குப் போனால்கூட அவர் பத்தடி முன்னால் நடப்பார். மனைவி விசாலாக்ஷி பின்னால் ஓடி வருவாள். வழியில் யாரிடமும் எதுவும் கேட்கக் கூடாது. கேட்டால் அவருக்குக் கௌரவக் குறைச்சல்.

அந்த விசாலாக்ஷிதான் தொண்ணூற்றாறில் தன்னந்தனியாக சான்பிரான்சிஸ்கோவுக்குக் கிளம்பினாள். மகள் மாளவிகாவுக்கு அங்கே பிரசவ நேரம். சிங்கப்பூரில் விமானம் மாற வேண்டும். பதினாறாயிரம் கிலோமீட்டருக்கு மேல், ஏறக்குறைய ஒரு முழு நாள் பயணம் என்றார் டிக்கெட் போட்டுக் கொடுத்த காதர். ஆனால் புதன்கிழமை மத்தியானம் கிளம்பி, அந்த ஊர்க் கணக்கில் புதன்கிழமை ராத்திரியே இறங்கிவிடலாமாம். நடுவில் ஒரு நாள் எங்கே போயிற்று என்று சுந்தரராமனுக்குப் பிடிபடவில்லை. காதரைக் கேட்கவும் மனசு வரவில்லை.

புதன் மத்தியானம் ராகுகாலம் வேறு. அதனால் காலையிலேயே பரஸ்தானம் வைத்தார். அதாவது, பயணியின் பை ஒன்றை நல்ல நேரத்தில் பக்கத்து வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட்டால் பயணம் அப்போதே தொடங்கியதாகக் கணக்கு. போகும்போது எடுத்துக்கொள்ள வேண்டும். மாடிவீட்டு ஹம்சினியிடம் பை போயிற்று. டாக்சி வந்ததும் இவர் போட்ட கூச்சலில் அதை யாரும் நினைக்கவில்லை.

விமானம் ஏற்றிவிட்டு வந்தால் ஹம்சினி படியில் நிற்கிறாள். "மாமா, மாமி இதை எடுத்துண்டே போகலையே."

பைக்குள் இட்லிப் பொட்டலம், விசாலாக்ஷியின் படிக்கிற கண்ணாடி, சிங்கப்பூரில் எப்படிப் போக வேண்டும் என்று மாளவிகா தமிழில் எழுதி அனுப்பிய தாள். கண்ணாடி இல்லாவிட்டால் அவளுக்கு எழுத்தெல்லாம் எறும்பு. இங்கிலீஷும் வராது.

அன்று முழுக்கக் கூடத்துக்கும் வாசலுக்கும் நடந்தார். எந்த விமானத்தில் ஏறினாளோ, எந்த ஊரில் இறங்கி நிற்கிறாளோ. ஃபோன் வேலை செய்கிறதா என்று எடுத்துப் பார்ப்பார். அந்த நேரம் பார்த்து அவள் கூப்பிட்டால் என்ன ஆவது என்று பதறி வைப்பார். ராகுகாலத்துக்குப் பயந்து அவளையே தொலைத்துவிட்டோம் என்று தோன்றியது. சோறு இறங்கவில்லை.

வியாழன் மத்தியானம் ஃபோன் அடித்தது.

"ஏன்னா, மாளவிகா ஆத்துக்கு வந்து சேந்துட்டேன்."

"கண்ணாடி இல்லாம எப்டிடீ போனே?"

"கேட்டேன். சிங்கப்பூர்ல தமிழ்லயே சொன்னா. கையைப் பிடிச்சுண்டு போய் விட்டா. முப்பது வருஷமா நீங்கதான் யாரையும் கேக்க விட்டதில்லை."

திட்டுவதற்கு அவர் நிறைய சேர்த்து வைத்திருந்தார். மேஜை மேலிருந்த பையில் இட்லி ஊசிப்போய் வாடை வீசியது.

"வழியில ஏதாவது சாப்ட்டியா?" என்று கேட்டார். கேட்டுவிட்டு, அவள் சொல்லி முடிக்கும்வரை நின்ற இடத்திலேயே நின்றார்.